திண்ணையும் கொல்லையும்: இணையத்தில் நாம் காட்டும் முகம்

"ஃபேஸ்புக்கில் இருப்பதெல்லாம் வேஷம்" என்று சொல்லாத ஆளே இல்லை. பையன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சோகப் பாட்டு வைத்தால் காதல் தோல்வி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு பெண் டிபியில் தன் முகத்தை வைக்காமல் ரோஜாப்பூவை வைத்தால் ஃபேக் ஐடி என்கிறார்கள். இன்னொரு பக்கம், "நான் நேரில் எப்படியோ அப்படித்தான் அங்கேயும், எனக்கு ஒளிவுமறைவே கிடையாது" என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு பேச்சிலும் விஷயம் சரியாகப் பிடிபடவில்லை என்பது என் கருத்து. இந்தத் தவறான புரிதலால் நிஜமான மனிதர்கள் கஷ்டப்படுகிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரு வீட்டில் எத்தனை இடம்

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் திண்ணை. உள்ளே நுழைந்தால் ரேழி, அப்புறம் கூடமும் முற்றமும், அடுத்து அடுக்களை, கடைசியில் கொல்லை. யார் எதுவரை வரலாம் என்பது எங்கும் எழுதி வைக்காத சட்டம். நெல் விலை பேச வந்த வியாபாரி திண்ணையோடு சரி. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கூடத்தில் ஜமுக்காளம். நாத்தனார் வந்தால் நேரே அடுக்களைக்குப் போய்விடுவார்.

வீட்டுக்காரர் திண்ணையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "குறுவை இந்த வருஷம் பரவாயில்லை" என்பார். கொல்லைக் கிணற்றடியில் அதே மனிதர், சம்பாவுக்கு உரம் வாங்க எந்த நகையை அடகு வைப்பது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருப்பார். இதில் எது உண்மையான மனிதர்? இரண்டும்தான். திண்ணையில் அவர் பொய் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னார்.

(அதே வீடுகள் சாதி பார்த்து ஆட்களைத் தெருவிலேயே நிறுத்தின என்பதும் உண்மை. அதைப் புகழ நான் இந்த உதாரணத்தை எடுக்கவில்லை. இடம் மாறினால் பேச்சு மாறுகிறது என்பது மட்டுமே இங்கே நமக்கு வேண்டியது.)

கனடாவில் பிறந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் இதைத்தான் 1956-ல் விரிவாக எழுதினார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் தங்கி, அங்கிருந்த ஒரு சின்ன விடுதியைக் கவனித்தார். பரிமாறுகிறவர்கள் சாப்பாட்டு அறையில் ஒரு மாதிரியும், கதவைத் தாண்டிச் சமையலறைக்குள் போனதும் வேறு மாதிரியும் இருந்தார்கள். பிறர் பார்க்கும் இடத்துக்கு முன்மேடை என்றும், பார்வைக்குத் தப்பிய இடத்துக்குப் பின்மேடை என்றும் பெயர் வைத்துக்கொள்ளலாம். யார் பார்க்கிறார்களோ அவர்களுக்குத் தக்கபடி நம்மில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் சுயமுன்வைப்பு.

இதுவரை பார்த்தது: சுயமுன்வைப்பு இணையத்தோடு வந்த பழக்கம் இல்லை. எல்லோரும் தினமும் செய்வது. வேஷம் என்ற சொல் அதற்குப் பொருந்தாது.

சொல்வது ஒன்று, தெரிவது ஒன்று

காஃப்மன் இன்னொன்றையும் பிரித்துக் காட்டினார். நாம் வேண்டுமென்றே சொல்வது ஒரு வகை. சொல்லாமலே நம்மிடமிருந்து கசிவது இன்னொரு வகை. ஆள் பார்க்கிறவர்கள் இரண்டாவதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். ஏனென்றால் அதைத் திட்டம் போட்டுச் செய்வது கடினம்.

கிட்டத்தில் போய் ஒரு ப்ரொஃபைலைப் பார்ப்போம். ஆள் கற்பனை, ஆனால் டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த வகை. பேராவூரணிப் பக்கத்து இளைஞர், சிங்கப்பூரில் கட்டுமான வேலை. டிபியில் மரினா பே கட்டடங்கள் பின்னால் தெரிய, கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கிறார். பயோவில் "டெல்டாக்காரன். விவசாயி மகன்." 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து தோப்புத் தோப்பாகத் தென்னையைச் சாய்த்த பிறகு அதைச் சேர்த்தார். இதெல்லாம் அவர் சொல்வது.

இனி கசிவதைப் பாருங்கள். படங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையே வருகின்றன. மற்ற ஆறு நாளும் அவருக்குப் படம் எடுக்க நேரமில்லை என்று அதிலேயே தெரிகிறது. மேட்டூர் அணை திறந்தால் அந்தச் செய்தியைப் பகிர்கிறார். அப்புறம் ஒவ்வொரு கட்டமாக, கல்லணையில் தண்ணீர், கல்லணைக் கால்வாயில் தண்ணீர், கடைசியாகக் கடைமடைக்கு வந்து சேர்ந்த தண்ணீர் என்று தம்பி அனுப்பிய காணொளிகளைப் போடுகிறார். ஊர் நினைப்பாக இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. கீழே சித்தப்பா கமெண்ட்: "எப்ப தம்பி வர்ற?" அதற்கு அவர் போட்டது ஒரு கைகூப்பிய பொம்மை மட்டும்.

கண்ணாடி போட்ட படத்தை மட்டும் பார்த்தவர் "பகட்டு" என்பார். முழுப் பக்கத்தையும் பார்த்தவருக்கு வேறு மனிதர் தெரிவார். அந்தச் சித்தப்பாவின் கமெண்டும் சேர்ந்துதான் அவருடைய அடையாளம் உருவாகிறது என்பதையும் கவனியுங்கள். நம் பக்கத்தை நாம் மட்டும் எழுதுவதில்லை. நம்மை டேக் செய்கிறவர்களும், நமக்குக் கீழே கமெண்ட் எழுதுகிறவர்களும் சேர்ந்து எழுதுகிறார்கள்.

படிவம் கேட்கிற கேள்வி

நாம் என்ன சொல்கிறோம் என்பதில் நாம் நிரப்பும் படிவத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இதை ஏனோ பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

தமிழர்களுக்கு இனிஷியல் போதும். ஆனால் ஃபேஸ்புக் 2004-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியது. அதன் படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கேட்டது. குடும்பப் பெயர் இல்லாத நம் ஆள் என்ன செய்வார்? சிலர் அப்பா பெயரைப் போட்டார்கள். சிலர் ஊர்ப் பெயரை. சிலர் சாதிப் பட்டத்தை. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதை ஏற்றுப் பெயரைச் சுருக்கிக்கொண்ட குடும்பங்களில்கூட, இரண்டு தலைமுறை கழித்துப் பேரன் அந்தக் காலிக் கட்டத்தில் பழைய பட்டத்தைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறான். படிவம் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, ஒரு காலி இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான். ஐப்பசி சதய விழா சமயத்தில் ராஜராஜனை இத்தனை சாதிகள் தங்கள் டிபியில் உரிமை கொண்டாடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பெரிய கோயிலைக் கட்டிய கைகள் எத்தனையோ வகை.

ஊர்ப் பெயரைப் பெயரோடு சேர்ப்பது டெல்டாவில் இணையத்துக்கு வெகு முன்பே இருந்தது. செம்மங்குடி என்றால் அது கர்நாடக இசைப் பாடகர் சீனிவாச ஐயர்தான், ஊர் இரண்டாம்பட்சம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது திருமருகலில். நாகஸ்வரத்தோடு சேர்ந்து உலகம் அறிந்த ஊர் அவர் வித்வானாக விளங்கிய திருவாவடுதுறை. ஆகப் பெயருக்கு முன்னால் வருகிற ஊர் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒரு தகவல் இல்லை. நான் எந்த இடத்தைச் சேர்ந்தவன் என்று பிறர் என்னை அறிய வேண்டும் என்பதன் அறிவிப்பு.

புனைபெயரும் அப்படித்தான். கும்பகோணத்து எழுத்தாளர் கு.ப.ராஜகோபாலன் 'கரிச்சான்' என்ற பறவைப் பெயரிலும் எழுதினார். அவரிடம் பெரும் பற்று வைத்திருந்த ஆர். நாராயணசாமி தனக்குக் 'கரிச்சான் குஞ்சு' என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெயரில் ஒளிந்துகொள்ளும் நோக்கமே இல்லை. யாருடைய வழியில் வந்தவன் என்று ஊரறியச் சொல்கிற பெயர் அது.

2003-04 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் பெருகியபோது இந்த மரபு புத்துயிர் பெற்றது. வலைப்பூவில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டம் இல்லை. ஒரு தலைப்பு, 'என்னைப் பற்றி' என்று ஒரு பெட்டி, மீதி எல்லாம் எழுத்து. ஊரும் பறவையும் மரமும் பழைய காவியப் பாத்திரங்களும் பெயராக வந்தன. இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். புனைபெயர் என்பது தொடர்ந்து ஒரே பெயரில் எழுதி, அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பைச் சேர்ப்பது. பெயரிலி என்பது எந்தப் பெயரும் நிலைக்காமல் வந்து போவது. முன்னதுக்குப் பொறுப்பு உண்டு. நேற்று எழுதியதற்கு இன்று கேள்வி கேட்கலாம். சொந்தப் பெயர் போடாதவர் எல்லாம் கோழைகள் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

அப்படியானால் எவ்வளவு பொய்?

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் 236 இளைஞர்களின் ப்ரொஃபைல்களை எடுத்து, அவர்களை அறியாத ஆட்களிடம் காட்டி, "இவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார்கள். வந்த பதில்களை இரண்டோடு ஒப்பிட்டார்கள்: அந்த இளைஞரின் உண்மையான குணம் ஒன்று, தான் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறாரோ அது இன்னொன்று. பதில்கள் உண்மையான குணத்தோடுதான் ஒத்துப்போயின. எளிதாகப் பழகுகிறவரா, புதியவற்றில் ஆர்வம் உள்ளவரா என்பதெல்லாம் நன்றாகவே பிடிபட்டது. உள்ளுக்குள் எவ்வளவு பதற்றப்படுகிறவர் என்பது மட்டும் அவ்வளவாகத் தெரியவில்லை.

பொய்யே இல்லை என்று சொல்ல முடியாது. துணை தேடும் தளங்களில் இருந்த 80 பேரை நியூயார்க்கில் நேரில் வரவழைத்து உயரம், எடை, வயது மூன்றையும் சரிபார்த்தார்கள். 2008-ல் வந்த முடிவு: பத்தில் எட்டுப் பேர் ஏதாவது ஒன்றில் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ போட்டிருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் சின்ன வித்தியாசம். காரணம் எளிது, பிறகு நேரில் சந்தித்தாக வேண்டுமே. நம் ஊர்த் திருமணத் தளங்களில் ஜாதகம், தெரிந்தவர் மூலம் விசாரணை என்று இன்னும் இரண்டு சல்லடை கூடுதலாக இருக்கிறது.

சரி, ரோஜாப்பூ டிபிக்கு வருவோம். திருவாரூரிலோ பட்டுக்கோட்டையிலோ ஒரு பெண்ணின் எண் எத்தனை பேரிடம் இருக்கும்? கேஸ் சிலிண்டர் போடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், ரீசார்ஜ் கடைக்காரர், மகளின் பள்ளி குரூப்பில் உள்ள முன்பின் தெரியாத அறுபது பேர். முகத்தை வைத்தால் இவர்கள் அத்தனை பேரும் பார்க்கலாம், எடுத்து வேறு எதற்கும் பயன்படுத்தலாம். பூவையோ குழந்தையின் கையையோ சாமி படத்தையோ வைக்கிறவர் யாரையும் ஏமாற்றவில்லை. யார் பார்க்கிறார்கள் என்று தெரியாத திண்ணையில் உட்கார மறுக்கிறார். இதைப் பார்த்து "ஃபேக்" என்று சிரிக்கிறவர்கள், அப்படி ஏன் வைக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

சுருக்கமாக: மொத்தமாகப் பொய்யான ஆளை இணையத்தில் கட்டி நிறுத்துகிறவர் குறைவு. மோசடிக்காரர்கள் உண்டு, அவர்கள் கதை வேறு. மற்ற எல்லோரும் செய்வது தேர்ந்தெடுப்பது.

சுவர் இடிந்த வீடு

உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பொய்யை விட இது பெரிது.

அந்தப் பழைய வீட்டின் உட்சுவர்கள் ஒரே ராத்திரியில் காணாமல் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி, சம்பந்தி, நாத்தனார், பள்ளித் தோழன், கடன் கொடுத்தவர் எல்லோரும் ஒரே இடத்தில் நின்று நீங்கள் பேசுவதைக் கேட்கிறார்கள். என்ன பேசுவீர்கள்? தனித்தனியாக இருக்க வேண்டிய வட்டங்கள் இப்படி ஒன்றாகக் கலந்துபோவதைச் சூழல் குலைவு என்று சொல்லலாம். தொலைக்காட்சி வந்தபோதே இது தொடங்கியது என்று ஊடக ஆய்வாளர் ஜோஷுவா மேரோவிட்ஸ் 1985-ல் எழுதினார்: ஒரு தலைவர் தன் மக்களிடம் ஒரு மொழியிலும் வெளியாரிடம் வேறு மொழியிலும் பேசிவந்தார், கேமரா வந்ததும் இரண்டு கூட்டமும் ஒரே பேச்சைக் கேட்டன. பிறகு ட்விட்டர் பயன்படுத்துகிறவர்களை ஆலிஸ் மார்விக், டேனா பாய்ட் என்ற இரு ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். எழுதுகிறவர்கள் மனதில் ஒரு கற்பனை வாசகரை வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்று கண்டார்கள். நான்கு நண்பர்களை நினைத்துப் போடுகிறோம், பார்ப்பது நானூறு பேர்.

நம் சிங்கப்பூர் இளைஞரிடம் திரும்பப் போவோம். தோழர்களோடு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பிரியாணி சாப்பிட்ட படத்தைப் போடுகிறார். அவர் நினைத்தது அறைத் தோழர்களை. பார்த்தது யார்? மேலாளர், "இவனுக்கு ஓவர்டைம் வேண்டாம் போல" என்று நினைக்கிறார். அக்கா வீட்டுக்காரர், "கையில் காசு இருக்கிறது, சீர் விஷயம் கேட்கலாம்" என்று நினைக்கிறார். அம்மா, பிள்ளை இளைத்துவிட்டானே என்று கவலைப்படுகிறார். படம் ஒன்றுதான். ஒவ்வொருவரும் தங்கள் இடத்திலிருந்து அதைப் படிக்கிறார்கள்.

இதற்கு மக்கள் என்ன செய்கிறார்கள்? பலர் எல்லோருக்கும் ஒத்துப்போகிற விஷயத்தை மட்டும் போடுகிறார்கள். காலை வணக்கம், கோயில் கோபுரம், பிறந்தநாள் வாழ்த்து. "ஸ்டேட்டஸ் முழுக்க சாமி படம், ஆள் பொய்யான பக்தர்" என்று சொல்கிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மாமனாரும் மேலதிகாரியும் பார்க்கும் இடத்தில் தைரியமாக வைக்க முடிந்தது அதுதான். சிலர் இரண்டு கணக்கு வைத்துக்கொள்கிறார்கள், ஒன்று சொந்தக்காரர்களுக்கு, ஒன்று நண்பர்களுக்கு. இரண்டாவது கணக்கு வைத்திருப்பதே தப்பு என்று வீடுகளில் சண்டை நடக்கிறது. கொல்லைப்புறம் இல்லாத வீட்டில் யாரும் வாழ முடியாது. பதினாறு வயசுப் பிள்ளைக்கும் அது வேண்டும்.

காட்டிக் காட்டி அப்படியே ஆவது

இதுவரை சொன்னது நாம் பிறருக்குக் காட்டுவது பற்றி. காட்டுவது நம்மையும் மாற்றுகிறது.

2008-ல் வெளியான ஒரு சோதனையில் மாணவர்களிடம், தங்களைக் கலகலப்பாகப் பழகுகிறவர்களாகவோ ஒதுங்கி இருப்பவர்களாகவோ காட்டி எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் எல்லோரும் படிக்கக்கூடிய வலைப்பூவில் எழுதினார்கள். மீதிப் பேர் யாரும் பார்க்காத கோப்பில் எழுதினார்கள். எழுதி முடித்ததும் அவர்களுடைய குணத்தை அளந்தார்கள். பொதுவில் எழுதியவர்கள் தாங்கள் எழுதிக் காட்டிய குணத்தின் பக்கமே நகர்ந்திருந்தார்கள். தனியாக எழுதியவர்களிடம் அந்த நகர்வு இல்லை. நான்கு பேர் முன்னால் சொன்ன சொல் நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009-ல் வந்தது. எது எத்தனை பேருக்குப் பிடித்தது என்பது அன்றிலிருந்து எண்ணாகத் தெரிகிறது. வயலில் நின்று எடுத்த படத்துக்கு இருநூறு லைக், புத்தகம் பற்றி எழுதியதற்கு ஆறு லைக் என்றால் அடுத்த வாரம் எதைப் போடுவோம்? இப்படியே போனால் 'விவசாயி மகன்' பெரிதாகிறான், புத்தகம் படிக்கிறவன் சுருங்குகிறான்.

நாம் எழுதாத சித்திரம்

நாம் நிரப்பிய ப்ரொஃபைல் தவிர, நிறுவனங்கள் நம்மைப் பற்றித் தாமாக எழுதி வைத்திருக்கும் ஒன்றும் இருக்கிறது. எதை லைக் செய்தோம், எதில் நின்று பார்த்தோம், எங்கிருந்து, எந்த நேரத்தில் என்பதை வைத்துக் கணினி போடும் ஊகக் கணக்கு. இதை ஊகச் சித்திரம் என்போம்.

இது எவ்வளவு தூரம் போகும்? 2013-ல் 58,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் வைத்து ஒரு ஆய்வு நடந்தது. அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளில் ஒருவர் எந்தப் பக்கம் என்பதை 85 சதவீதம் சரியாகப் பிரித்தது. பாலியல் நாட்டம் போன்ற, வீட்டில்கூடச் சொல்லியிருக்காத விஷயங்களையும் கணிசமாகச் சரியாக ஊகித்தது. "நான் அதெல்லாம் ப்ரொஃபைலில் போடவே இல்லையே" என்பது இங்கே செல்லாது. போடாததும் கசிகிறது.

சுவரைத் திரும்ப எழுப்புவது

முழுச் சுவரும் கிடைக்காது. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எந்தச் சுவரும் நிற்காது. ஆனால் கைக்கு எட்டியது கொஞ்சம் இருக்கிறது.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி என்ற இடத்துக்குப் போனால், டிபியை யார் பார்க்கலாம் என்று மாற்றலாம்: எல்லோரும், தொடர்பில் உள்ளவர்கள் மட்டும், அவர்களில் சிலரை நீக்கி, யாருமே வேண்டாம். சிலிண்டர்காரர் எண் உங்கள் போனில் பதிவாகியிருந்தால் அவரும் 'தொடர்பில் உள்ளவர்' கணக்கில் வருவார், ஆகவே மூன்றாவது வழிதான் பலருக்கு உதவும். ஸ்டேட்டஸுக்கும் இதே மாதிரி தனியாக உண்டு. பத்துப் பேரை மட்டும் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் வைக்கலாம்.

ஃபேஸ்புக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் யார் பார்க்கலாம் என்று மாற்ற முடியும். பழைய பொதுப் பதிவுகளை மொத்தமாக நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கவும் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் பக்கம் வெளியாருக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் வசதியை ஒருமுறை திறந்து பாருங்கள். பலர் அங்கேதான் தங்கள் போன் நம்பர் பொதுவில் கிடப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

ஊகச் சித்திரத்துக்கு, கூகுள் கணக்கில் மை ஆட் சென்டர் என்ற பகுதி இருக்கிறது. உங்கள் படிப்பு, திருமண நிலை, குடும்ப வருமானம் பற்றி அது என்ன ஊகித்து வைத்திருக்கிறது என்று அங்கே பார்க்கலாம். தப்பாக இருந்தால் திருத்தலாம், வேண்டாம் என்றால் மொத்தமாக அணைக்கலாம். அணைத்த பிறகும் விளம்பரம் வரும், உங்களைக் கணித்து வருவது மட்டும் நிற்கும்.